திரவியம் இழுத்துப்போன சீர்

சாலை என்னும் கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் திரவியத்துக்கு வயது ஐம்பத்திமூன்று. கயிறு, சங்கிலி, கொக்கி, கப்பி, கீல், தாழ்ப்பாள் என்று கடை நிறையச் சாமான். நாகர்கோவிலுக்குப் பக்கத்திலிருந்து அவருடைய அப்பா காலத்தில் வந்து சேர்ந்த குடும்பம். அதிர்ந்து பேசமாட்டார், யாரையும் ஏமாற்றமாட்டார். அவரிடம் உள்ள ஒரே குறை, இரும்பைப் பற்றி யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும், உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவது.

"இவ்வளவு பூட்டு விக்கிறியளே, உங்க வாய்க்கு ஒண்ணு எடுத்துப் போட்டா என்ன?" என்பாள் அவர் மனைவி நீலாம்பாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வீட்டில் கார் ஓட்டுவதும் பெரும்பாலும் அவள்தான்.

அந்த வாயால்தான் ஆறு வருடத்துக்கு முன்னால் குடும்பம் இரண்டாகப் போனது.

திரவியத்தின் அக்கா செண்பகவல்லி. அத்தான் ஸ்ரீகண்டன் அரசு அலுவலகம் ஒன்றில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கரமனையில் ஆசை ஆசையாய் வீடு கட்டினார். பால் காய்ச்சும் நாளில், அவருடைய அலுவலகத்துக்காரர்கள் பத்துப்பேர் நின்றுகொண்டிருக்கும்போது, திரவியம் முன்வாசல் கேட்டைப் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டிப் பார்த்தார்.

"அத்தான், இந்தக் கீல் மூணு மழை தாங்காது. யாரு உங்க தலையில கட்டினது?"

அந்த கேட்டைத் தேடி வாங்கியவர் அத்தான்தான். கூடநின்ற ஒருவர் சிரித்துவிட்டார். ஸ்ரீகண்டன் அன்று பந்தியில் மைத்துனனுக்குப் பக்கத்து இலையில் உட்காரவில்லை. அதற்குப் பிறகு ஆறு வருடம் பேசவே இல்லை. மூன்றாவது மழைக்காலத்தில் அந்தக் கீல் துருவேறி, கேட் தொங்கிப்போனது. அது இன்னும் மோசமாயிற்று. தப்பாகச் சொல்லியிருந்தால்கூட மன்னித்திருப்பார்.

இந்த ஆறு வருடத்துக்கு நடுவில்தான் அத்தானின் ஒரே மகள் ஆர்ஷாவின் கல்யாணம் வந்தது. தாய்மாமனுக்கு வெற்றிலை பாக்கோடு நேரில் வந்து சொல்ல வேண்டும். பத்திரிகை கூரியரில் வந்தது. கல்யாணத்தன்று காலை ஒன்பது மணிக்குத் திரவியம் வழக்கம்போலக் கடையைத் திறந்தார். முகூர்த்த நேரத்தில் ஒருவர் அரை அங்குல நட்டு கேட்டார். எடுத்துக் கொடுத்தார். மணவறையில் தாய்மாமன் நிற்க வேண்டிய இடத்தில் தூரத்து உறவு ஒருவர் நின்றார் என்று பிற்பாடு கேள்விப்பட்டார்.

போன பங்குனியில் ஆர்ஷாவே கடைக்கு வந்துவிட்டாள். ராமநாதபுரம் பக்கம் மண்டபம் என்ற கடலோர ஊரில் புகுந்த வீடு. கடலடியில் வளரும் புல்லைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள்.

"மாமா, என் சீர் எங்க?" என்று கேட்டுக்கொண்டே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

திரவியம் கையில் இருந்த சங்கிலியைக் கீழே வைத்தார். "என்ன வேணும்னு சொல்லு மக்கா. நெக்லஸா? வளையலா?"

"நகை ஒண்ணும் வேண்டாம். எனக்கு ஒரு போட்டு வேணும்."

"போட்டா?"

"சத்தியமா, மாமா. கடல்ல போறதுக்கு தினமும் ஆள்கிட்ட கெஞ்சணும். பத்தொன்பது அடி இருந்தா மதி, அது போதும். எஞ்சினோட. அப்புறம்... அப்பாவும் நீங்களும் சேர்ந்துதான் கொண்டு வரணும். அது இல்லேன்னா எனக்குப் போட்டும் வேண்டாம்."

சொல்லிவிட்டு அழுதாள். கடையில் நின்ற வாடிக்கையாளர் சங்கிலி விலையைக் கேட்காமலே போய்விட்டார்.

திரவியம் விழிஞ்ஞத்தில் படகுப் பட்டறை வைத்திருக்கும் ஜெஸியிடமிருந்து ஃபைபர் படகு ஒன்றை வாங்கினார். பழையதுதான், ஆனால் உடம்பு நன்றாக இருந்தது. அதை ஏற்றி இழுக்க இரண்டு சக்கர டிரெய்லர் ஒன்றும் முறையான பதிவோடு அவளிடமே கிடைத்தது. இனி அதை முந்நூற்று முப்பது கிலோமீட்டர் இழுத்துப்போக ஒரு வண்டி வேண்டும்.

லாரியில் ஏற்றிவிடலாமே என்று யாரும் கேட்பார்கள். திரவியமும் கேட்டார். செண்பகவல்லி போனிலேயே கொதித்தாள்.

"பொறந்த வீட்டுச் சீரு கூலி வண்டியில போகவா? நம்ம குடும்பத்துல உண்டா அது? சம்பந்தி வீட்டு வாசல்ல கிளீனர் வந்து இறக்குவானா? ஆளு இல்லாத வீடாடா இது?"

அந்தக் குடும்பத்தில் அப்படி ஒரு வழக்கம். சீரை உறவுக்காரன் கையால் கொண்டுபோக வேண்டும், வாசலில் முதலில் குத்துவிளக்கு இறங்க வேண்டும், அடுத்து உருளி, பிறகுதான் மற்றதெல்லாம்.

இரண்டாம் நாள் காலையில் கடை வாசலில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. வாங்கி எட்டு மாதமே ஆன உயரமான கார், சீட்டில் பிளாஸ்டிக் உறைகூட இன்னும் கழற்றவில்லை. இறங்கியவர் ஸ்ரீகண்டன். ஆறு வருடத்துக்குப் பிறகு மைத்துனன் முகத்தைப் பார்த்து அவர் பேசிய முதல் வாக்கியம் இது:

"நம்ம வண்டி இருக்கும்போது வேற வண்டி என்னத்துக்கு?"

திரவியம் கல்லாவைவிட்டு இறங்கி வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அந்தக் காரால் அந்தப் படகை இழுக்க முடியுமா என்று கேட்கத் தோன்றவில்லை. கடைக்கு வரும் முன்பின் தெரியாதவரிடம்கூட, "சங்கிலி எதுக்கு? எவ்வளவு கனம்?" என்று கேட்காமல் ஒரு முழம் வெட்டித் தரமாட்டார். அத்தானிடம் மட்டும் கேட்கவில்லை.

காருக்குப் பின்னால் கொக்கி பொருத்தியாயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, போகும் நாளில் எவ்வளவு பாரம் இருக்குமோ அதே பாரத்தோடு ஓட்டிப்பார்ப்பது என்று முடிவாயிற்று. திரவியம்தான் ஏற்றினார். சாலைக் கடைத்தெருவில் பாரம் ஏற்றும் முறை ஒன்று உண்டு. முதலில் இறங்க வேண்டியது வாலில் இருக்க வேண்டும். அந்த முறைப்படியே, ஆளுயரக் குத்துவிளக்கு, பாயசம் காய்ச்சுகிற வெண்கல உருளி, அரிசி மூட்டை, நங்கூரம், சங்கிலி, பெட்ரோல் கேன் எல்லாம் படகின் பின்பக்கத்தில் ஏறின. எஞ்சின் வேறு அங்கேதான் தொங்கிற்று.

பைபாஸில் ஈஞ்சக்கல் தாண்டி நல்ல வேகம் பிடித்தது.

"பாத்தியாடா இழுவை? பின்னால ஒண்ணு இருக்குன்னே தெரியல்லே," என்றார் ஸ்ரீகண்டன்.

அறுபதைத் தாண்டியதும் தெரிந்தது. டிரெய்லர் மெல்ல இடமும் வலமும் ஆட ஆரம்பித்தது. அத்தான் பதறிப்போய் பிரேக்கை மிதித்தார். ஆட்டம் இரண்டு மடங்கானது. பின்னால் வந்த பஸ்காரர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. நல்லவேளை, சாலை அகலம். வேகம் குறைந்து ஓரமாய் நின்றபோது இருவர் சட்டையும் நனைந்திருந்தது.

"காத்து," என்றார் ஸ்ரீகண்டன்.

ஓர் இலை அசையவில்லை. திரவியம் மனதுக்குள் மட்டும், வண்டி சரியில்லை என்று எழுதிவைத்துக்கொண்டார்.

மறுநாள் படகோடு டிரெய்லரை எடைமேடையில் ஏற்றினார். ஆயிரத்து இருநூற்று நாற்பது கிலோ. எழுநூறு இருக்கும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தார். டிரெய்லரையும் எஞ்சினையும் சீர்ச் சாமானையும் யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. ஜெஸியைக் கூப்பிட்டுக் கேட்டார். அவள் உடனே கேட்டாள்:

"சேட்டா, கொக்கியில எவ்வளவு கனம் இறங்குது? மூக்குப் பக்கம்?"

அரிசி மண்டியின் பிளாட்பாரத் தராசில் டிரெய்லரின் மூக்கை மட்டும் வைத்துப் பார்த்தார்கள். முப்பது கிலோகூட இல்லை.

ஜெஸி சிரித்துவிட்டாள். "மொத்தத்துல பத்துல ஒரு பங்காவது மூக்குல இறங்கணும். நூத்திருபது வேணும். நீங்க எல்லாத்தையும் வாலுல வெச்சா அது ஆடாம என்ன செய்யும்? வள்ளத்துல பின்பக்கம், அமரத்துல மட்டும் பத்துப் பேர் இருந்தா மூக்கு ஆகாசம் பாக்கும், அல்லே? இதும் அதுதான்."

முப்பது வருடமாகப் பாரம் ஏற்றி இறக்கிய மனிதர். குத்துவிளக்கு முதலில் இறங்க வேண்டும் என்பதில் கவனமாய் இருந்தவர், அது போய்ச் சேர வேண்டுமே என்று நினைக்கவில்லை. சாமானெல்லாம் சக்கரத்துக்கு முன்பக்கமாய் மாற்றி வைத்ததும் தராசு நூற்றிருபத்தைந்து காட்டியது.

அன்று சாயங்காலமே கரமனைக்குப் போனார். வாசலில் நின்றபடியே சொன்னார்:

"அத்தான், வண்டி ஆடினதுக்குக் காரணம் காத்து இல்லே. உங்க வண்டியும் இல்லே. நான் பாரம் ஏத்தினது தப்பு."

ஸ்ரீகண்டன் அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, "செண்பகம், உன் தம்பிக்குச் சாயா கொண்டா," என்றார். ஆறு வருடத்துக்குப் பிறகு அந்த வீட்டில் திரவியம் குடித்த முதல் டீ. செண்பகவல்லி கண்ணைத் துடைத்தபடி சர்க்கரையை இரண்டு தடவை போட்டுவிட்டாள். அவர் சொல்லாமல் குடித்தார்.

"அப்போ என் வண்டியில குறையில்லே, கேட்டோ," என்று நாலு தடவை சொன்னார் அத்தான்.

வீட்டுக்கு வந்தால் நீலாம்பாள் மடியில் ஒரு புத்தகம். காரோடு தரும் கையேடு. பைபாஸ் ஓட்டத்தன்று அத்தானிடம் கேட்டு வாங்கி வைத்திருந்தாள்.

"இஞ்ச பாருங்க. தனி பிரேக் இல்லாத டிரெய்லர்னா ஐந்நூத்தம்பது கிலோவுக்கு மேல இழுக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு. நம்ம டிரெய்லருக்கு பிரேக் உண்டா?"

"இல்லே."

"நம்ம பாரம் எவ்வளவு?"

"ஆயிரத்து இருநூத்தி நாப்பது."

"காரோட கனமே ஆயிரத்து இருநூறுதான். அதையும் படிச்சேன்." புத்தகத்தை மூடினாள். "கணக்கு டீச்சரா சொல்லுதேன், இது கூட்டினாலும் கழிச்சாலும் வராது."

"இப்பத்தான் சாயா குடிச்சிட்டு வாறேன் நீலா."

"சாயாவா பெரிசு? அதுல நானும் உங்க அக்காவும் உக்காந்து வரணும்."

மறுநாள் திரவியம் தயங்கித் தயங்கி அத்தானிடம் கையேட்டைக் காட்டினார். ஸ்ரீகண்டன் அதை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை.

"புஸ்தகம் எழுதினவன் பொன்முடி மலை கண்டிருப்பானா? நான் மூணு தடவை ஏறியிருக்கேன், ஏசி போட்டு. படகையும் கட்டிக்கிட்டு ஏறிக் காட்டுதேன். பொன்முடி ஏறின வண்டி ஆரல்வாய்மொழிக் கணவாய் தாண்டாதா?"

அடுத்த ஞாயிறு, கடலுக்குப் போக வேண்டிய படகு மலைக்குப் போனது. வழியெல்லாம் ஜனம் நின்று பார்த்தது. கல்லாற்றுக்கு மேலே செக்போஸ்டில் இருந்த காவலர் படகை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"சாரே, மேல கடல் இல்லல்லோ?"

ஸ்ரீகண்டன் தம் பழைய அலுவலகக் குரலில் ஏதோ விளக்கினார். நாலாவது வளைவு வரை போய்த் திரும்பலாம், அதற்கு மேல் பேச்சில்லை என்று காவலர் விட்டார்.

கார் ஏறியது. உறுமிக்கொண்டு ஏறியது, ஆனாலும் ஏறிவிட்டது. அத்தான் முகம் மலர்ந்துவிட்டது. நாலாவது வளைவின் அகலத்தில் முன்னும் பின்னுமாய் எட்டுத் தடவை ஒடித்துத் திருப்பினார்கள். பிறகு இறக்கம்.

ஏற்றத்தில் வண்டி படகை இழுத்தது. இறக்கத்தில் படகு வண்டியைத் தள்ளியது. இரண்டாவது வளைவில் பிரேக் மிதி வழக்கத்தைவிடக் கீழே போனதை அத்தானின் முழங்கால் போன போக்கிலேயே திரவியம் பார்த்தார். ரப்பர் கருகும் வாடை வந்தது. "முதல் கியர், அத்தான், முதல் கியர்," என்றார். ஸ்ரீகண்டன் கியரை இழுத்துப் போட்டார். கடைசி வளைவை மலையோரமாக ஒட்டிக்கொண்டு ஊர்ந்து தாண்டி, கல்லாற்றங்கரை டீக்கடை முன்னால் வந்து நின்றபோது முன்சக்கரங்கள் இரண்டிலும் புகை.

டீக்கடை ஷெமி கிளாசைக் கழுவிக்கொண்டே கேட்டாள்: "பொன்முடியில மீன் கிட்டியோ, சாரே?"

யாரும் சிரிக்கவில்லை. அத்தான் டீயை வாங்கினார். புகையும் சக்கரத்தைப் பார்க்காமல் ஆற்றின் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"ஏறிச்சா இல்லையா? நீயே சொல்லு."

திரவியம் வாழ்க்கையில் பொய் சொல்ல மிகவும் ஆசைப்பட்ட நிமிடம் அது. ஆமாம் அத்தான் என்று ஒரு வார்த்தை. உறவு நிலைத்துவிடும். ஆர்ஷா சிரிப்பாள்.

"ஏறிச்சு அத்தான். ஆனா நிக்கல்லே."

"நான் ஓட்டினதுல குறையா?"

"நீங்க ஓட்டினதாலதான் இங்க நின்னு சாயா குடிக்கோம். வேற ஆளா இருந்தா ஆத்துல கிடப்போம். வண்டிக்கு வயசு குறைவு, அழகு கூடுதல், ஆனா கனம் காணாது. தன் கனத்துக்குச் சமமா பின்னால ஒண்ணு தள்ளிக்கிட்டு வந்தா அது என்ன செய்யும் பாவம்? ஆனி மாசம் ஆரல்வாய்மொழியில காத்து எப்படி அடிக்கும்னு உங்களுக்குத் தெரியாதா? அக்கா பின் சீட்டுல இருப்பா."

ஸ்ரீகண்டன் திரும்பவில்லை. "ஆறு வருஷத்துக்கு முன்னாலயும் இதே வாய்தான்."

"ஆமா. நாலு பேரு நடுவுல சொன்னது என் தப்பு. அதுக்கு உங்க கால்ல விழணும்னாலும் விழுதேன். ஆனா கீலு கெட்ட கீலுதான் அத்தான். இந்த வண்டியும் இந்தப் படகுக்கு ஆகாது."

அத்தான் பாதி டீயோடு கிளாசை வைத்துவிட்டார். பிரேக் ஆறும்வரை ஒரு மணி நேரம் இருவரும் இரண்டு கல்லில் உட்கார்ந்திருந்தார்கள். சாலைக் கடைத்தெருவில், திரவியம் சரக்கு வைக்கும் கிட்டங்கி வாசலில் டிரெய்லரைக் கழற்றிவிட்டு அத்தான் திரும்பிப் பார்க்காமல் போனார்.

ராத்திரி செண்பகவல்லி போன் செய்தாள். "உனக்கு ஆறு வருஷம் போதாதாடா?" என்று மட்டும் கேட்டு அழுதாள்.

திரவியம் மூன்று நாள் சரியாய்ச் சாப்பிடவில்லை. ஆனால் மூன்று நாளும் வேலை பார்த்தார். எந்த வண்டி ஆகும் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டவற்றை நீலாம்பாள் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். இழுக்கும் வண்டி இழுபடும் பாரத்தைவிட நன்றாய்க் கனம் கூடியதாய் இருக்க வேண்டும். அடியில் லாரிக்கு இருப்பதுபோலத் தனிச் சட்டம் வேண்டும், கொக்கி அந்தச் சட்டத்தில் முறுக்கப்பட்டிருக்க வேண்டும், பம்பரில் அல்ல. பின்சக்கரம் தள்ளும் வண்டி நல்லது. நீளமான வண்டி காற்றில் அலையாது. இதெல்லாம் இருந்தாலும் டிரெய்லருக்குத் தனி பிரேக் இல்லாமல் கிளம்பக் கூடாது.

தாளில் இருந்ததெல்லாம் ஜெஸியின் வண்டியில் இருந்தது. இரண்டு வரிசை சீட்டும் பின்னால் தொட்டியும் உள்ள டீசல் பிக்கப். இரண்டாயிரம் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. மட்கார்டில் துரு, உள்ளே மீன் வாடை.

"கொண்டுபோங்க சேட்டா. டீசல் அடிச்சா மதி. என் வள்ளம் நல்லபடியா போய்ச் சேரணும்னு எனக்கும் உண்டல்லோ," என்றாள் ஜெஸி.

பட்டறையில் டிரெய்லருக்கு பிரேக் பொருத்தினார்கள். இழுக்கும் வண்டி வேகம் குறைத்தால் டிரெய்லர் முன்னால் வந்து முட்டுமே, அந்த முட்டலிலேயே அதன் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். படகின் அகலம் மறைக்காதபடி பக்கக் கண்ணாடிகளை வெளியே நீட்டினார்கள். சக்கரத்து பேரிங்குக்குப் புது கிரீஸ், ஒரு ஸ்டெப்னி, அறுந்தால் தாங்க இரண்டு சங்கிலி. சங்கிலி மட்டும் திரவியத்தின் கடையிலிருந்து. பின்னுக்கு எடுக்கும் வித்தையை ஜெஸியின் பட்டறை முற்றத்தில் இரண்டு நாள் பழகினார். இடப்பக்கம் போக வலப்பக்கம் ஒடிக்க வேண்டும். ஒரு தென்னை மரத்துக்கு மட்டும் காயம்.

கிளம்பும் நாள் காலை ஆறு மணிக்குச் செண்பகவல்லி ஆட்டோவில் தனியாக வந்து இறங்கினாள்.

"அத்தான்?"

"குளிச்சாரு. சட்டை போட்டாரு. வாங்கன்னா பேச்சில்லே. நான் என்ன செய்ய?"

திரவியம் கொக்கியை ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டு ஏறினார். பக்கத்தில் நீலாம்பாள், பின் சீட்டில் அக்கா. இரண்டு பேரும் சேர்ந்து கொண்டு வராவிட்டால் படகே வேண்டாம் என்று அந்தப் பெண் சொன்னது மூன்று பேருக்கும் நினைவிருந்தது.

நெய்யாற்றின்கரை தாண்டியதும் நீலாம்பாள்தான் நீட்டிவைத்த கண்ணாடியில் பார்த்தாள்.

"பின்னால ஒரு வெள்ளைக் கார், நாலு பக்கமும் லைட்டு மின்னிக்கிட்டு வருது. மயினி, நீங்க திரும்பிப் பாருங்க."

திரும்பிப் பார்த்த செண்பகவல்லி "அய்யோ" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். உடனே அவள் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"உன் தம்பிகிட்ட சொல்லு," என்றது ஸ்ரீகண்டனின் குரல். "பின்னால வர்றவன் முட்டாம இருக்க நான் லைட்டு போட்டு வருகேன். அவனுக்காக இல்லே. எம் பொண்ணோட சீருக்காக."

"சொல்லிட்டேன்," என்றாள்.

"ஐம்பத்தஞ்சுக்கு மேல போகாண்டாம்னு சொல்லு."

போன் அணையவே இல்லை. மார்த்தாண்டத்தில், "இடப்பக்கம் பஸ் ஏறுகு, உன் தம்பிகிட்ட சொல்லு." தக்கலையில், "கயிறு ஒண்ணு தளர்ந்திருக்கு, உன் தம்பிகிட்ட சொல்லு." நிறுத்திக் கயிற்றை இறுக்கினார் திரவியம். இருபதடி பின்னால் அத்தான் காரைவிட்டு இறங்காமல், நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நாகர்கோவில், தோவாளை. ஆரல்வாய்மொழியில் மலைகளுக்கு நடுவே காற்று காத்திருந்தது. காற்றாலைகள் ஆவேசமாய்ச் சுற்றிக்கொண்டிருந்தன. முப்பந்தலைத் தாண்டும்போது ஒரு நீளமான லாரி வலப்பக்கம் ஏறி வந்தது. அது மறைத்த வரையில் காற்று இல்லை. அது கடந்த மறுநொடி பக்கவாட்டில் மொத்தமாய் வந்து அறைந்தது. படகு ஓர் உலுக்கு உலுக்கியது. பிக்கப்பின் வால் ஒரு சாண் நகர்ந்ததைத் திரவியம் இடுப்பில் உணர்ந்தார். அக்கா அலறினாள். அவருடைய வலது கால் பிரேக்கைத் தேடிப் போனது.

"திரவியம்! பிரேக்கைத் தொடாதே! காலை எடு, ஸ்டீரிங்கை நேரா பிடி! ஆடட்டும், விடு! ஒண்ணும் ஆகாது, நான் பாத்துக்கிட்டுதான் இருக்கேன்டா!"

போனில் வந்த அந்தக் குரல் வண்டி முழுக்க நிறைந்தது. திரவியம் காலை எடுத்தார். ஸ்டீரிங்கைப் பிடித்த கை அசையவில்லை. வண்டி தன் கனத்தால் தானே வேகம் குறைந்தது, பின்னால் படகு ஒரு தடவை ஆடியது, இன்னொரு தடவை பாதி ஆடியது, பிறகு அடங்கி நேராக வந்தது. நூறு அடிக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இந்தக் காற்றில் அந்த வெள்ளைக் கார் படகை இழுத்து வந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பது இரண்டு வண்டியில் இருந்தவர்களுக்கும் தெரியும்.

காவல்கிணறு விலக்கில் ஓரமாய் நிறுத்தினார். வெள்ளைக் காரும் நின்றது. ஸ்ரீகண்டன் இறங்கிக் காற்றில் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். டிரெய்லரைச் சுற்றி வந்தார், கொக்கியைப் பார்த்தார், சக்கரத்தில் கையை வைத்துச் சூடு பார்த்தார். சூடு இல்லை. கடைசியில் டிரைவர் பக்க ஜன்னலுக்கு வந்து நின்றார். அவர் கண் கலங்கியிருந்தது. காற்றில் தூசி என்று வைத்துக்கொள்ளலாம்.

"கீழ இறங்குடா," என்றார்.

திரவியம் இறங்கினார்.

"நீ இறக்கத்துல நாலாவது கியர்ல வந்தே. மூணுல வரணும். ஒரு புத்தியும் கிடையாது. அந்தப் பக்கம் போய் இரி. இனி நான் ஓட்டுகேன்."

"உங்க வண்டி அத்தான்?"

"நீலாம்பா கொண்டு வரட்டும். பின்னால ஒண்ணும் கட்டாம இருந்தா அது நல்ல வண்டிதான்."

நீலாம்பாள் சாவியை வாங்கிக்கொண்டு, சிரிப்பை அடக்கியபடி வெள்ளைக் காரை நோக்கி நடந்தாள். செண்பகவல்லியும் அவளோடு போய்விட்டாள். ஆண்கள் இருவரும் தனியாய்ப் பேசட்டும் என்றுதான்.

பேசினார்களோ என்னவோ. வள்ளியூர் முதல் தூத்துக்குடி வரை ஸ்ரீகண்டன் திரவியத்தின் ஓட்டத்தில் கண்ட குறைகளை ஒவ்வொன்றாய்ச் சொல்லிக்கொண்டு வந்தார். வளைவுக்குப் போதுமான தூரம் விடவில்லை, ஹாரன் காணாது, கண்ணாடி பார்ப்பது போதாது. திரவியம் ஒவ்வொன்றுக்கும், "சரி அத்தான்" என்றார். சாயல்குடி தாண்டிய பிறகு சொல்லக் குறை ஒன்றும் மிஞ்சவில்லை.

"அந்தக் கல்யாணத்துக்கு நான் நேர்ல வந்து கூப்பிட்டிருக்கணும்," என்றார் ஸ்ரீகண்டன், ரோட்டைப் பார்த்தபடி.

இதற்கு மட்டும் திரவியம் சரி என்று சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மண்டபம் சேரும்போது வெயில் சாய்ந்திருந்தது. சம்பந்தி வீட்டார் ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்றார்கள். தெருவே படகைப் பார்க்கக் கூடியிருந்தது. ஆர்ஷா மட்டும் படகைப் பார்க்கவில்லை. துருப்பிடித்த பிக்கப்பின் ஒரு கதவில் அப்பாவும் மறு கதவில் மாமாவும் இறங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ரெண்டு பேரும் ஒரே வண்டியிலயா வந்தீங்க?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு இரண்டு பேர் கையையும் பிடித்துக்கொண்டாள்.